ஏழாம் வளையம்

போன மாதம், முன்பு கிரிக்கெட் மைதானத்தில் என்னோடு வேலை செய்த சுரேன் போன் செய்தான். இப்போது அங்கே மழைக் கவர் இழுக்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"யோகேஸ், இந்த சீசனுக்கு மிஷின் வந்திருச்சு லா. பட்டன அமுக்குனா கவர் தானா உருண்டு போயி பிட்ச்ச மூடிக்குது. பதினாறு பேரு செஞ்ச வேலைய இப்ப நாலு பேரு செய்யறோம். புதுசா வந்ததுங்க கேக்குதுங்க, முன்ன கையால எப்டி இழுத்தீங்கன்னு. நீ எழுதிக் குடு."

"நான் ஸ்கூல்ல ஃபார்ம் த்ரீயோட நின்னவ. என்னையப் போயி எழுதச் சொல்ற?"

"ரிட்டையர் ஆனவங்கதான் இதெல்லாம் எழுதுவாங்க."

"எனக்கு இருவத்தேழு வயசு."

"அதான் சொல்றேன். சீக்கிரமா ரிட்டையர் ஆயிட்ட. டைம் நெறைய இருக்கு."

நேரம் இருப்பது உண்மைதான். இப்போது நான் கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். மத்தியானம் பிள்ளைகள் வெளியே வரும்வரை முக்கால் மணி நேரம் கேட்டுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சுரேன் திருத்தட்டும். அவன் ஃபார்ம் ஃபைவ் வரை படித்தவன்.

எனக்கு கிரிக்கெட் தெரியாது. மூன்று வருஷத்துக்கு மேல் கிரிக்கெட் மைதானத்தில் வேலை செய்த பிறகும் தெரியாது. என் அண்ணன் மோகனுக்குத்தான் அந்தப் பைத்தியம். நான் கையுறை தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தேன். அவன் லோரி ஓட்டினான். கிள்ளானுக்கு வெளியே பழைய செம்பனை எஸ்டேட்டை அழித்து மைதானம் கட்டுகிறார்கள், ஆறு நாட்டு முதலாளிகள் சேர்ந்து ஒரு லீக் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று முதலில் அவனுக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்த மரக்கட்டைகளை ஏற்றிப் போனது அவன் லோரிதான். மரம் போய் முடிந்ததும் லோரி வேலையை விட்டுவிட்டு அங்கேயே மைதான வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு மாதம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுண்ணே."

"புல்லு வெட்டத் தெரியுமா? தண்ணி ஊத்தத் தெரியுமா? போதும். மொத மேட்ச் அன்னிக்கி ஒன்னையப் பக்கத்துல உக்கார வெச்சு எல்லாம் சொல்லித் தரேன்."

லீக் இரண்டு தடவை தள்ளிப் போனது. ஒரு தடவை ஒரு நாட்டுக் குழுவுக்கு முதலாளி கிடைக்கவில்லை. இன்னொரு தடவை ஏன் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் பாட்டுக்குப் புல் வெட்டினோம். ரோலர் ஓட்டினோம். கற்றுக்கொண்டதையெல்லாம் எழுதினால் தாள் பத்தாது. இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் எங்கள் மேலாளரைப் பற்றி. அவர் பெயர் தர்ஷினி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பம். நாற்பது வயதுகூட இருக்காது. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும், அப்படிக் கேள்வி கேட்பார். "ரோலர் எத்தன தடவ போச்சு?" என்பார். "இருவது தடவ மிஸ்" என்போம். "யார் பாத்தது?" என்பார். "எல்லாரும் பாத்தோம் மிஸ்" என்றால் ஏற்கமாட்டார். ஒரு பெயர் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிட்டு மறுபடியும் கேட்பார். யாரும் பார்க்கவில்லை என்றால் திட்டமாட்டார், இன்னொரு இருபது தடவை ஓட்டச் சொல்வார். அவர் வாயிலிருந்து "ஓம்" என்ற ஒரு வார்த்தை, யாழ்ப்பாணத்து ஆமாம், வந்துவிட்டால் அன்றைய வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சில வாரம் அது வரவே வராது.

அவர் கழுத்தில் எப்போதும் வீட்டுச் சாவி ஒன்று கயிற்றில் தொங்கும். பிட்ச்சில் குனிந்து அந்தச் சாவியின் நுனியை மண்ணில் குத்துவார். காய்ந்த பிட்ச் என்றால் சாவி உள்ளே போகாது. ஈரம் இருந்தால் போகும். எவ்வளவு போகிறது என்பதை வைத்துத் தண்ணீர் ஊற்றுவதா, ரோலர் போடுவதா என்று முடிவு செய்வார். மீட்டர் வைத்த மிஷினும் இருந்தது. சாவி சொன்ன பிறகுதான் மிஸ் மிஷினைப் பார்ப்பார்.

அடுத்தது மண். பிட்ச்சுக்குக் களிமண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வரப் போட்ட திட்டம் நடக்கவில்லை. வெளிநாட்டு மண்ணை உள்ளே விட மாட்டோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது அண்ணன் சொன்னான்:

"மிஸ், கோல சிலாங்கூர் பக்கம் பொங்கப் பான செய்யறாங்க. லோரில அந்தப் பக்கம் போயிருக்கேன். அந்த மண்ணு காஞ்சா கல்லு மாதிரி இருக்கும்."

"யார் பாத்தது?"

"நான்தான் மிஸ். பான ஒன்னு கால்ல விழுந்துச்சு. பான ஒடையல, கட்ட வெரல்தான் வீங்கிப் போச்சு."

மறுநாளே போய் நான்கு மூட்டை கொண்டு வந்தான். மிஸ் அதைக் குழைத்து கோலிக்குண்டு அளவில் உருண்டை பிடிக்கச் சொன்னார். ஒரு வாரம் நிழலில் காயவைத்தோம். பிறகு ஒவ்வொரு உருண்டையையும் சிமெண்டுத் தரையில் வைத்து ஒரு ஆள் ஒற்றைக் காலில் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். நொறுங்கினால் அந்த மண் உதவாது. எங்களில் அண்ணன்தான் கனமான ஆள். முதல் உருண்டையில் ஏறி நின்றான். நொறுங்கவில்லை.

"பத்தாது லா, ரெண்டு பொட்டலம் நாசி லெமா சாப்ட்டு வந்து ஏறு" என்றான் சுரேன்.

"நீ வாங்கித் தா, ஏறுறேன்."

பத்து உருண்டையில் ஒன்பது நின்றது. மிஸ் "ஓம்" என்றார். இப்போது மைதானத்தில் இருக்கும் பிட்ச் எல்லாம் அந்த மண்தான். புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இனி கவர். இதைத்தான் சுரேன் எழுதச் சொன்னான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால மழைக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பிட்ச்சை நனையவிடாமல் மூடத்தான் முடியும். எங்கள் கவர் ஒரு வீட்டுக் கூரையைவிடப் பெரியது. மைதான ஓரத்தில் நீளக் குழாயில் சுற்றி வைத்திருப்போம். அதன் விளிம்பைச் சுற்றிலும் பதினாறு இடத்தில் கயிறு வளையம் இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ஆள். அந்த ஆள் லீவு போட்டால் பதிலுக்கு யார் என்பதும் பலகையில் எழுதியிருக்கும். நடுமைதானம்வரை இழுத்துப் போக வேண்டும். காற்றில் கவர் பாய் மாதிரி உப்பும், கையை அறுக்கும். போய்ச் சேர்ந்ததும் நம் பக்க விளிம்பைக் காலால் மிதித்துக்கொண்டே மூன்று மணல் மூட்டையை அதன் மேல் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த பிறகுதான் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எங்களில் தமிழர்கள், மலாய்க்காரர்கள், வங்காளதேசத்துப் பையன்கள் எல்லோரும் இருந்ததால் நம்பரை மலாயில் சொல்வோம். ஏழுக்கு துஜு, எட்டுக்கு லாப்பான். மிஸ் ஓரத்தில் கண்ணை மூடி நின்று கேட்பார். சாத்து, டுவா என்று ஆரம்பித்துப் பதினாறும் வந்துவிட்டால் கவர் மூடியாகிவிட்டது. மழை கொட்டும்போது ஒவ்வொரு மூட்டையையும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் அந்தக் குரலைத்தான் அவர் நம்பினார்.

ஏழாம் நம்பர் கோலாலம்பூர் பக்கத்து மூலை. எங்கள் மைதானத்துக்கு மழைக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். கனமான ஆள்தான் அங்கே நிற்க முடியும் என்பதால் அது அண்ணனுக்கு. பக்கத்தில் எட்டு எனக்கு. கயிறு அறுக்கிறது என்று ஏழாம் வளையத்தில் மஞ்சள் டேப்பைத் தடிமனாகச் சுற்றி வைத்திருந்தான். "ஹேண்டில் போட்ட ஆள் பாரு, மோட்டார் சைக்கிள்னு நெனப்பு" என்று சுரேன் கிண்டல் செய்வான்.

மழை எப்போது வரும் என்று பார்க்க ஆபீசில் பெரிய திரை இருந்தது. எங்களுக்கு சுரேனின் அத்தை இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஃபிளாட்டில் நான்காவது மாடி. மேகம் கறுத்தால் சுரேனுக்குப் போன் வரும். "டேய், நான் துணி எடுத்துட்டேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அத்தை துணி எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் எங்களுக்கு மழை. திரை சில நாள் பொய் சொல்லியிருக்கிறது. அத்தை சொன்னதில்லை.

முதல் மேட்ச்சுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அண்ணன் இறந்துபோனான். மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவேயில் வந்துகொண்டிருந்தான். மழை. பின்னால் வந்த லோரி. நான் அதற்கு மேல் எழுதப் போவதில்லை. பெட்டியை மூடும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "அவனுக்கு ரெயின்கோட்டு போட்டு விட்டியா" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே வேலைக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை. அன்று கவர் ஒத்திகை. நான் எட்டில் போய் நின்றேன். ஏழாம் வளையத்தை சுரேன் பிடித்துக்கொண்டிருந்தான். பலகையில் ஏழுக்குப் பதில் ஆள் அவன்தான், மிஸ்தான் போகச் சொல்லியிருக்கிறார். அவன் கை அந்த மஞ்சள் டேப்பின் மேல் இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியாது. கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அண்ணன் எடத்துல நிக்க ஒனக்கு அவ்ளோ ஆசையா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போய்விட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஏழுல யார்?" என்று மிஸ் தூரத்திலிருந்து கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் மிஸ். ரெண்டும் நானே பாத்துக்கறேன்."

அவர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு இழுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி இருக்கும். ஒரே ஆள் இரண்டையும் பிடிக்க முடியாது. நான் ஏழாம் கயிற்றை எட்டாம் கயிற்றோடு முடிச்சுப் போட்டு இரண்டையும் சேர்த்து இழுத்தேன். அப்படி இழுத்தால் மூலை மடிந்துகொள்ளும். போய்ச் சேர்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்து, மூலையை விரித்து, ஆறு மூட்டை ஏற்றி, துஜு என்று ஒரு தடவையும் லாப்பான் என்று ஒரு தடவையும் நானே கத்தினேன். காற்றில்லாத வெயில் நாள். சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் அப்படியே. எல்லோருக்கும் அது தவறு என்று தெரியும், யாரும் சொல்லவில்லை. பாவம் என்று விட்டுவிட்டார்கள். துஜு என்று கத்தும்போது எனக்கு அண்ணன் இன்னும் அங்கே நிற்பது மாதிரி இருந்தது. அதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் இல்லை.

சுரேனும் நானும் மூன்று வாரம் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் என் பூட்ஸ் பக்கத்தில் ஒரு பொட்டலம் தே தாரிக் டீ கட்டி வைத்திருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் மேட்ச் வந்தது. ராத்திரி ஏழரைக்கு ஆட்டம். மத்தியானத்திலிருந்தே ஆறு நாட்டுக் கொடி, கேமரா தூக்கின ஆட்கள், கோட் போட்ட ஆட்கள். நான்கு மணிக்கு சுரேனின் போன் அடித்தது. பேசிவிட்டு எங்களைப் பார்த்தான்.

"அத்த துணி எடுத்துட்டாங்க."

முக்கால் மணி இல்லை, அரை மணியிலேயே வந்துவிட்டது. கோலாலம்பூர் பக்கம் வானம் சட்டி அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. கவரை இழுக்க ஆரம்பித்ததும் காற்று. பாதி வழியில் கவர் என்னை ஒரு அடி தூக்கிக் கீழே போட்டது. முடிச்சுப் போட்ட இரண்டு கயிறும் கையை அறுத்தன. போய்ச் சேர்ந்து எட்டில் மூன்று மூட்டை ஏற்றினேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்தில் இறுகிப்போய் அவிழவில்லை. மடிந்த மூலையை அப்படியே கீழே அழுத்தி ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தேன். இரண்டாவதற்குக் குனிந்தபோது இடி சைரன் அடித்தது. சைரன் அடித்தால் எது எப்படிக் கிடந்தாலும் விட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். மறு சைரன் அடிக்கும்வரை யாரும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. அது சட்டம்.

மழைக்குள்ளிருந்து நம்பர்கள் வந்துகொண்டிருந்தன. லீமா, ஆனாம் என்று ஐந்தும் ஆறும் வந்தன. அடுத்தது ஏழு.

நான் துஜு என்று கத்தினேன். லாப்பான் என்று கத்தினேன். ஓடினேன்.

ஷெட்டில் பதினைந்து பேரும் நனைந்து நின்றோம். பதினாறு நம்பரும் வந்துவிட்டது என்று மிஸ் ஆபீசுக்குப் போய்விட்டார். நான் ஏழாம் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கொஞ்சம் ஆடியது. பிறகு ஒற்றை மூட்டை சரிந்தது. மடிந்த மூலை தூக்கிக்கொண்டு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கவர் மேல் தேங்கிய தண்ணீர் அந்த மடிப்பு வழியாக உள்ளே இறங்குவதைப் பார்த்தேன். அந்த மூலையிலிருந்து பிட்ச்சின் முனை பத்து அடிதான். நான் வெளியே காலை வைத்தேன். சுரேன் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டான்.

"வேணாம். மின்னல்."

"அந்தப் பக்கம் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

அதுதான் மூன்று வாரம் கழித்து நாங்கள் பேசிய முதல் பேச்சு. அவன் சட்டையை விடவில்லை.

மழை நின்று சைரன் அடித்ததும் ஓடினோம். மேலே நின்ற தண்ணீரைத் தள்ளிவிட்டுக் கவரைத் தூக்கினோம். பிட்ச்சின் அந்த முனையில், பந்து போடுகிறவன் ஓடிவந்து காலை ஊன்றும் இடத்தில், ஒரு பாய் அளவுக்கு மண் கறுத்திருந்தது. கோணிப்பையைப் போட்டு ஒற்றினோம். மறுபடியும் ஒற்றினோம். மழைக்குப் பின்னால் வெயில் நன்றாக அடித்தது. அரை மணியில் மேல்மண் வெளுத்துவிட்டது. பார்த்தால் எதுவும் தெரியாது.

சுரேன் என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகச் சொன்னான்.

"காஞ்சிருச்சு. இப்ப ஒன்னும் சொல்லிக்காத. சொன்னா ஏழுல யாரு நின்னான்னு கேப்பாங்க. பலகைல இருக்கற மோகன் பேரு வரும். செத்தவன் பேர எதுக்கு இழுக்கணும்? ஒன் வேலையும் போயிரும்."

அவன் எனக்காகத்தான் சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான். அண்ணன் பேரை இந்தக் கோட் போட்டவர்கள் வாயில் நான் கேட்க விரும்பவில்லை. அவர்கள் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மிஸ் இரண்டு அம்பயர்களோடு வந்தார். பின்னால் லீக் அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்பயர்கள் பிட்ச்சில் நடந்து பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார்கள். ஏழரைக்கே ஆரம்பிக்கலாம் என்ற மாதிரி இருந்தது. மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி எங்கயாவது உள்ள போச்சா? யார் பாத்தது?"

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அம்பயர் பூட்ஸால் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு ஆள் ஓடிவந்து முழு எடையையும் ஒரு காலில் போட்டு ஊன்றுவான். உள்ளே ஈரம் இருந்தால் கால் வழுக்கும். முட்டி போய்விடும். அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பார். நான் ரெயின்கோட்டுக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அது அம்மாவுக்காக. இது யாருக்காக?

"நான் பாத்தேன் மிஸ்."

"எங்க?"

நான் போய் அந்த இடத்தைச் சுற்றிக் காலால் கோடு போட்டேன். "இங்கேர்ந்து இது வரைக்கும். கா மணி நேரம் தண்ணி எறங்குச்சு. மேல மட்டும்தான் காஞ்சிருக்கு."

மிஸ் கழுத்துச் சாவியை எடுத்துக் குனிந்தார். முதலில் பக்கத்தில் குத்தினார், போகவில்லை. என் கோட்டுக்குள் குத்தினார். வெண்ணெயில் போவது மாதிரி பாதிச் சாவி உள்ளே போனது. அம்பயர்களும் குனிந்தார்கள்.

கோட் போட்ட அதிகாரி ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். ஆறு நாட்டில் டிவியில் காத்திருக்கிறார்கள், இந்தப் பெண் யார், இவளுக்கு என்ன தெரியும் என்றார். மிஸ் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "இவள்தான் பார்த்தவள்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அம்பயர் ஆட்டத்தைத் தள்ளி வைக்கிறோம் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஈரமான இடத்தைச் சரிசெய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன், மிஷின் அதைச் செய்யாது. ஈர மண்ணைக் கரண்டியால் விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் கெட்டியான மண் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பெட்டியில் உலர வைத்திருக்கும் களிமண் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்து, இரும்புக் கட்டையால் குத்த வேண்டும். ஒரேயடியாகப் போட்டுக் குத்தினால் மேலே மட்டும் இறுகும், அடி கெட்டிப்படாது. ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக இறுக வேண்டும். சுரேன் குத்தினான், நான் மண் போட்டேன். அது அண்ணன் கொண்டு வந்த மண். கையில் எடுத்தபோது அது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. வேலை இருந்தது.

மிஸ் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"துஜுன்னு ஒரு குரல் வந்துது. அது யாரிண்ட குரல்னு எனக்குத் தெரியும். மூணு வாரமாத் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டன். அது எண்ட பிழை, ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவன். மோகன் பேர் அதில வராது."

நான் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஆனா வானத்தப் பார். இன்னொரு மழை இருக்கு. இந்த முற ஏழுல யார்?"

கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

ஏழரை மணி போய் எட்டை நெருங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் தூறல் தெரிந்தது. பெரிய மழை இல்லை. ஆனால் அந்தப் புது மண்ணில் ஒரு துளி பட்டாலும் செய்ததெல்லாம் வீண். எல்லோரும் கவருக்கு ஓடினார்கள். நான் எட்டாம் வளையத்தைப் பிடித்தேன். ஏழாம் வளையம் தரையில் கிடந்தது. மஞ்சள் டேப் நனைந்து ஒரு பக்கம் உரிந்திருந்தது. முடிச்சுப் போட என் கை அதன் பக்கம் போனது. பழகிவிட்டது அல்லவா.

போன கையால் அதை எடுத்து நீட்டினேன்.

"சுரேன். ஏழுல நீ நில்லு."

அவன் தன் இடத்திலிருந்து என்னைப் பார்த்தான். "ஒனக்கு ஓகேவா?"

"சீக்கிரம் வா லா, மழ வருது. அண்ணன் அளவுக்கு வெயிட் இல்ல நீ. நல்லா மிதி."

"நாசி லெமா வாங்கித் தா, ஏறுறேன்."

அவன் பழைய இடத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இழுத்தோம். ஒரு கயிறு மட்டும் பிடித்து இழுத்ததில் எனக்குக் கை லேசாகிப் போய் ஒரு மாதிரி இருந்தது. மூன்று மூட்டை ஏற்றினேன். மிஸ் ஓரத்தில் கண்ணை மூடி நின்றார். சாத்து, டுவா, தீகா என்று ஆறு வரைக்கும் வந்தது. அப்புறம் ஒரு நொடி ஒன்றும் இல்லை. என் வாய் திறந்துகொண்டது. துஜு என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன்.

"துஜு!" என்றான் சுரேன். கரகரவென்ற குரல். அண்ணன் குரல் மாதிரி இல்லவே இல்லை.

நான் "லாப்பான்" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

பதினாறும் வந்து முடிந்ததும் ஓரத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஓம்.

தூறல் பத்து நிமிஷத்தில் நின்றது. ஆட்டத்தைக் குறைத்து ஆரம்பித்தார்கள். சீருடையோடு ஷெட் வாசலில் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தேன். சுரேன் ஒரு பொட்டலம் தே தாரிக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தான். ஒரு உயரமான ஆள் தூரத்திலிருந்து ஓடிவந்தான். நான் அவன் காலை மட்டும் பார்த்தேன். நான் கோடு போட்ட இடத்தில், புது மண்ணில், இடது காலைத் தட்டென்று ஊன்றினான். நின்றது. மறுபடியும் ஓடிவந்தான், ஊன்றினான். நின்றது.

திடீரென்று கூட்டம் முழுக்கக் கத்தியது. சுரேன் எழுந்து குதித்தான்.

"பாத்தியா? பாத்தியா? மொத விக்கெட்டு!"

"பாக்கல."

"அப்ப எதத்தான் பாத்துக்கிட்டு இருந்த?"

"கால."

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பெட்டியில் திரும்ப உட்கார்ந்தான். "சரி கேட்டுக்க" என்று ஆரம்பித்தான். "அந்த மூணு குச்சி இருக்கு பாரு, அதுக்குப் பேரு ஸ்டம்ப்பு."

எனக்கு அது தெரியும். ஆனாலும் அவனைச் சொல்லவிட்டேன்.